இடது பக்கம் திருப்பினால் தானாக ஓடிய வண்டி

ஞாயிற்றுக்கிழமை மதியம், கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. "ஏனுங்கண்ணா, குழந்தைங்க ஓட்டற கரண்ட் வண்டியெல்லாம் பார்ப்பீங்களா? வண்டி தானா ஓடிப் போயிருச்சுங்க."

எந்த வண்டியும் தானாக ஓடாது என்றுதான் முதலில் நினைத்தேன். பாப்பா பயந்துபோய் ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பிடித்திருப்பாள், பெரியவர்கள் பழியை வண்டி மேல் போடுகிறார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு தப்பு. எப்படித் தப்பு என்று தெரிய இரண்டு நாள் ஆனது. அதே மாதிரி வண்டி வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். எனக்குப் பொள்ளாச்சிப் பக்கம் கடை. பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவன், இப்போது பேட்டரி ஸ்கூட்டர் பார்க்கிறேன்.

வண்டி, பாப்பா, களம்

வண்டி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது, இரண்டாம் கை. பார்க்க மோட்டோகிராஸ் பந்தய வண்டியின் குட்டி போல இருக்கும்: உயரமான மட்கார்டு, முண்டு முண்டாகப் பட்டன் வைத்த 12 அங்குல டயர். 24 வோல்ட், 350 வாட் மோட்டார், பின்சக்கரத்துக்குச் செயின். சீட்டுக்குக் கீழே, யுபிஎஸ் பெட்டியில் இருக்குமே, அந்த மாதிரி 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இரண்டு. பிரேக் பின்பக்கம் மட்டும்.

பாப்பாவுக்கு 10 வயது, 31 கிலோ. வண்டியைக் களத்துத் தராசில் வைத்தோம், 29 கிலோ. ஏறக்குறைய தன் எடைக்குச் சமமான ஒன்றை அவள் கட்டுப்படுத்த வேண்டும். இதே வகையில் பலருக்கும் தெரிந்தது ரேஸர் எம்எக்ஸ் 350. அதைச் செய்பவர்களே 13 வயதுக்கு மேல், 64 கிலோவுக்குள் என்றுதான் போட்டிருக்கிறார்கள். வேகம் மணிக்கு 22 கி.மீ. வரை. மூன்று வயதிலிருந்தே பழக்குவதற்கென்று ஸ்டாசிக் போன்ற வண்டிகள் தனியாக இருக்கின்றன, அவற்றில் வேகத்தை மூன்று படியாகக் குறைத்து வைக்கலாம். கேடிஎம்மின் சின்ன மின் மோட்டோகிராஸ் வண்டியில் ஓட்டுமுறைகள் இன்னும் அதிகம், கவிழ்ந்தால் மோட்டாரை நிறுத்தும் சென்சாரும் உண்டு. நம் பாப்பாவின் வண்டியில் இவை எதுவும் இல்லை. திருகினால் முழு வேகம், விட்டால் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

"வளர்ற புள்ளைதானேங்க, ரெண்டு வருசத்துல சரியாப் போயிரும்" என்றார் அப்பா. செருப்பு வாங்கும்போது அந்தப் பேச்சு எடுபடும்.

ஓட்டிய இடம் அவர்களுடைய நார் மில்லை ஒட்டிய களம். தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரித்த பிறகு மிஞ்சும் தூளைக் காய வைக்கிற சிமெண்டுத் தளம் அது. விடுமுறையில் காலியாகக் கிடக்கும். ரோட்டில் விடவில்லை என்பதில் அப்பாவுக்கு நல்ல பெருமை, அது நியாயமானதும்கூட. 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ.க்கும் உட்பட்ட பேட்டரி வண்டிக்குத்தான் நம் ஊரில் பதிவு, லைசென்ஸ் தேவையில்லை. இது 350 வாட். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, 18 வயது ஆகாத பிள்ளை மோட்டார் வாகனத்தை ரோட்டில் ஓட்டிச் சிக்கினால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. அப்படியென்றால் சொந்தக் களம்தான் சரியான இடம். ஆனால் களத்தின் ஓரத்தில் மட்டைக் குவியல் இருந்தது, அதை ஒட்டி அரை அடி உயரத்துக்கு சிமெண்டுத் திண்டும் இருந்தது.

நடந்தது

பாப்பா ஐந்தாறு சுற்று சுற்றியிருக்கிறாள், எல்லாம் வலது பக்கமாகவே. தம்பி குறுக்கே வந்ததால் இடது பக்கம் திருப்பியிருக்கிறாள். அங்கேதான் வண்டி பாய்ந்தது. திருப்பிய இடத்திலிருந்து குவியல் வரை நான் எட்டு வைத்து அளந்தேன், சுமார் 12 மீட்டர். மணிக்கு 22 கி.மீ. என்றால் நொடிக்கு ஆறு மீட்டர். வேகம் பிடிக்கிற நேரத்தைச் சேர்த்தாலும் மூன்று நொடி இருக்கும். அந்த மூன்று நொடியில் 10 வயதுப் பிள்ளை சாவியைத் தேடி அணைக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. சாவி இருந்ததும் சீட்டுக்குக் கீழே, வலது தொடைக்குப் பக்கத்தில்.

குவியலில் மோதித் திண்டு மேல் விழுந்திருக்கிறாள். இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஹெல்மெட்டின் நெற்றிப் பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. அது அவளுடைய அளவுக்கே வாங்கிய ஐஎஸ்ஐ முத்திரை ஹெல்மெட், வாரையும் மாட்டியிருந்தாள். ஒருமுறை அடி வாங்கியது இனி ஆகாது, புதுசு வாங்குங்கள் என்று மட்டும் சொன்னேன். இந்தக் கதையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது அந்த ஹெல்மெட் ஒன்றுதான்.

முதல் நாள்: தப்பான ஆள்

கடைக்கு வந்த வண்டியில் கை வைத்ததும் ஆக்ஸிலேட்டர் கைப்பிடி பிசுபிசுத்தது. திருகி விட்டால் டக்கென்று திரும்பவில்லை, கால் பங்கு மிச்சத்தில் நின்றது. கழற்றினால் உள்ளே நார்த்தூள். அது ஈரத்தை இழுத்து ஊதி, ஹேண்டில் குழாய்க்கும் கைப்பிடிக்கும் நடுவே களிமண் மாதிரி அடைந்திருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். துடைத்தேன், ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்தேன், கைப்பிடியின் முனை ஹேண்டில் நுனியில் உரசாதபடி இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தி முறுக்கினேன். ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைச் சுற்ற விட்டால் எல்லாம் சரியாக இருந்தது.

இதனோடு இன்னொரு விஷயமும் ஒத்துப்போனது. வண்டி முன்னே பாயும்போது உடம்பு பின்னால் போகும். கீழே விழாமல் இருக்கக் கை இறுக்கிப் பிடிக்கும். பிடிக்கிற கை இன்னும் திருகும். பெரிய பைக் பழகுகிறவர்களுக்கே நடக்கிறது இது. கைப்பிடியில் சிக்கல், அதோடு பாப்பாவின் பயம், சேர்ந்தால் விபத்து. கணக்கு முடிந்தது, பில் போடலாம் என்று இருந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. பேச்சுவாக்கில் அப்பா ஒன்று சொல்லியிருந்தார்: "பாப்பா அந்தாண்ட விழுந்து கிடக்குது, வண்டி இந்தாண்ட கிடக்குது. பின்சக்கரம் மட்டும் சுத்திட்டே இருக்குதுங்க. நான் போய் சாவியைத் திருப்பினதுக்கப்புறம்தான் நின்னுச்சு." கை விட்ட பிறகும் சக்கரம் சுற்றியது என்றால் அது பயத்தின் வேலை இல்லை. கைப்பிடி கால் பங்கில் சிக்கினால் மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். எவ்வளவு வேகமாகச் சுற்றியது என்று கேட்டேன். "ஃபேன் மாதிரிங்க."

இரண்டாம் நாள்: கருப்பு வயர்

மறுநாள் காலை வண்டியைக் கடைக்குள்ளிருந்து வெளியே தள்ளினேன். பேட்டரி அளவைப் பார்க்கச் சாவியைப் போட்டு வைத்திருந்தேன், அது என் முட்டாள்தனம். வாசலில் ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்ததும் வண்டி என் கையை உதறிவிட்டு ஒரு முழம் தாவி ஷட்டரில் முட்டியது. என் கை ஆக்ஸிலேட்டர் பக்கமே போகவில்லை.

இந்த ஆக்ஸிலேட்டரில் கேபிள் கிடையாது. உள்ளே ஒரு காந்தம், அதற்கு எதிரே ஹால் சென்சார் என்கிற மிளகு அளவு சில்லு. மூன்று வயர் வரும்: சிவப்பில் 5 வோல்ட், கருப்பு பூமி (கரண்ட் திரும்பிப் போகும் வழி), பச்சையில் எவ்வளவு திருகினோம் என்ற செய்தி. திருகாமல் இருந்தால் பச்சையில் 0.8 வோல்ட் சுமார், முழுக்கத் திருகினால் நாலு வோல்ட் வரை. கன்ட்ரோலர் அந்த வோல்ட்டைப் பார்த்துத்தான் மோட்டாருக்குக் கரண்ட் விடும்.

சரி, வண்டியை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி, பச்சை வயரில் மல்டிமீட்டரை வைத்தேன். ஹேண்டில் நேராக இருக்கும்போது 0.84. வலது பக்கம் திருப்பினாலும் அதே. இடது பக்கம் திருப்பினால் 4.6, சக்கரம் அலறியது.

வயர்களை ஹேண்டில் கழுத்தில் யாரோ பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் வளைவுக்கு இடம் விடவில்லை. இடது பக்கம் திருப்பும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வயர் ஒடிந்து நிமிர்ந்து, கருப்பு வயரின் உள்ளே செம்பு இழை அறுந்திருந்தது. மேல் ரப்பர் முழுசாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. நேராக இருக்கும்போது இழைகள் ஒன்றையொன்று தொடும், இடது பக்கம் போனால் விலகும். பூமி போய்விட்டால் சென்சாரால் பச்சையைக் கீழே இழுத்துப் பிடிக்க முடியாது. அது சிவப்பின் வோல்ட்டை நோக்கி ஏறிவிடும். கன்ட்ரோலர் அதை முழுத் திருகல் என்று எடுத்துக்கொண்டது.

நல்ல கன்ட்ரோலராக இருந்தால் நாலரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஏதோ கோளாறு என்று மோட்டாரை நிறுத்திவிடும். இது அந்தச் சாதி இல்லை. வாங்கும்போது இதை நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, ஆனால் சோதித்துப் பார்க்கலாம். பின்சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில் ஏற்றி, சாவியைப் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். சக்கரம் அசையவே கூடாது. ஓட்டுவதற்கு முன் அரை நிமிட வேலை.

பிரேக் பிடித்தும் ஏன் நிற்கவில்லை

பாப்பா பிரேக் பிடித்தேன் என்கிறாள். நான் நம்புகிறேன். பிரேக் நெம்புகோலின் அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும்; நெம்புகோலைத் தொட்டாலே மோட்டாருக்குப் போகும் கரண்ட் நிற்க வேண்டும். ஆக்ஸிலேட்டர் பைத்தியம் பிடித்தாலும் பிரேக் பிடித்தால் அடங்கும் என்பதற்கான ஏற்பாடு அது. இந்த வண்டியில் அந்த ஸ்விட்சின் பிளக் கழற்றி ஓரமாகச் சொருகப்பட்டிருந்தது.

கேட்டால், கதை இப்படிப் போகிறது. போன மாதம் வண்டியை வாட்டர் சர்வீஸ் செய்யக் கொடுத்திருக்கிறார்கள். பீச்சிய தண்ணீரோடு தூளும் போய் ஸ்விட்சின் குமிழ் உள்ளே அமுங்கி நின்றுவிட்டது. பிரேக் பிடித்தே இருப்பதாக நினைத்து கன்ட்ரோலர் மோட்டாரை ஓட விடவில்லை. ஊரில் ஒருவர் பார்த்து, இரண்டு வயரைக் கழற்றினார், வண்டி ஓடியது. நூறு ரூபாய். எல்லாருக்கும் திருப்தி. அதற்கப்புறம் பிரேக் என்பது 350 வாட் மோட்டாரோடு மல்லுக்கட்டும் ஒரு கேபிள் மட்டும்தான். அந்தக் கேபிளும் தளர்ந்து, நெம்புகோல் ஹேண்டிலைத் தொடும் வரை வந்தது. சின்னக் கை எவ்வளவு அழுத்தும்?

கருப்பு வயர் அறுந்தது விபத்தின் தொடக்கம், அதை மறுக்கவில்லை. ஆனால் பாப்பாவைத் திண்டு வரை கொண்டுபோனது அந்தக் கழற்றிய பிளக்தான் என்பேன். வயர் அறுவது எந்த வண்டியிலும் நடக்கும். அறுந்தால் காப்பாற்ற வைத்த ஒன்றை நாமே கழற்றிவிட்டோம், அதுவும் வண்டி ஓட வேண்டும் என்பதற்காக.

அப்புறம் பியூஸைப் பார்த்தேன். 30 ஆம்பியர் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி. வீட்டு மெயின் போர்டில் கம்பி சுற்றியே பழகிய ஊர், யாரைக் குறை சொல்ல? குவியலில் முட்டிச் சக்கரம் இறுகியிருந்தால் மோட்டார் இழுக்கிற கரண்ட்டுக்குப் பியூஸ் போயிருக்கும். கம்பி போகாது, வயர்தான் உருகும். வண்டியைச் சார்ஜ் போட்டு வைத்த இடமோ நார்த்தூள் மூட்டைகள் அடுக்கிய கொட்டகை. இதைச் சொன்னபோதுதான் அப்பாவின் முகம் மாறியது. மில் வைத்திருப்பவருக்கு நார்த்தூளில் தீ என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை.

செய்த வேலை

ஆக்ஸிலேட்டர் புதுசு. வயரை ஒட்டிச் சுற்றி டேப் போட்டு முடித்திருக்கலாம், ஆனால் கழுத்தில் ஒட்டு வேலை நிற்காது. வயருக்கு ஒரு வளையம் விட்டு, ஹேண்டில் இரண்டு பக்கமும் கடைசி வரை போனாலும் இழுபடாதபடி தளர்வாகக் கட்டினேன். பிரேக் ஸ்விட்ச் புதுசு, பிளக்கை மாட்டினேன், கேபிளை இறுக்கினேன். பிறகு ஸ்டாண்டில் சக்கரத்தை ஓடவிட்டு, பிரேக்கை விரலால் லேசாகத் தொட்டதும் மோட்டார் நிற்கிறதா என்று பத்துமுறை பார்த்தேன்.

கூடவே ஒரு காந்த ஸ்விட்ச். அதன் கயிறு ஓட்டுபவர் மணிக்கட்டில் இருக்கும், ஆள் விழுந்தால் காந்தம் கழன்று வண்டி செத்துவிடும். கன்ட்ரோலருக்குச் சாவியிலிருந்து வரும் மெல்லிய வயரில்தான் இதைச் சேர்க்க வேண்டும். பேட்டரியின் தடித்த வயரில் சேர்த்தால் அவ்வளவு கரண்ட்டை அந்தச் சின்ன ஸ்விட்ச் தாங்காது.

பேட்டரிக்கு வருவோம். "பத்து நிமிசம்கூட நிக்கறதில்லைங்க" என்று புகார். ஒன்று 12.6 வோல்ட் காட்டியது, இன்னொன்று 10.4. பள்ளிக்கூடம் திறந்ததும், பேட்டரி காலியாகும் வரை ஓட்டிய வண்டியை அப்படியே கொட்டகையில் மூன்று மாதம் போட்டிருக்கிறார்கள். லெட் ஆசிட் பேட்டரியைக் காலியாக வைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு எந்தச் சார்ஜரும் அதைக் கரைக்காது. ஓட்டி முடித்தால் சூடு ஆறியதும் சார்ஜ் போடுங்கள், ஓட்டாத மாதத்திலும் ஒருமுறை போடுங்கள், நிறைந்ததும் கழற்றுங்கள். கெட்டது ஒன்று என்றாலும் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றினேன். பழசும் புதுசும் ஒரே வரிசையில் இருந்தால் பழசு முதலில் காலியாகி, புதுசையும் கெடுக்கும். சார்ஜ் போடும் இடம் இப்போது வீட்டுத் திண்ணை, பெரியவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும்.

செயின் ஒரு அங்குலத்துக்கு மேல் தொங்கியது. நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் ஆடினால் போதும். இரண்டு பக்க நட்டையும் ஒரே அளவு நகர்த்தாவிட்டால் சக்கரம் கோணலாகி செயின் பல்லிலிருந்து இறங்கிவிடும். நார்த்தூள் பறக்கும் இடத்தில் செயினுக்கு எண்ணெயை ஊற்றக் கூடாது, பசையாகிவிடும். துணியால் துடைத்து, கொஞ்சமாக மெழுகு வகை ஸ்பிரே போதும். சாவியை எடுத்த பிறகே செயினைத் தொட வேண்டும். கவரைக் கழற்றிவிட்டு "சும்மா சுத்திப் பார்த்தேன்" என்று விரல் நுனியைக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் குழந்தைகள் இல்லை.

கழுவுவதற்கு வாளியும் ஈரத்துணியும். வாட்டர் சர்வீஸ் இனி கிடையாது என்று எழுதியே கொடுத்தேன்.

பில்லைக் கொடுத்தபோது அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இன்னொரு பேட்டரி சேர்த்து 36 வோல்ட் ஆக்கினா நல்லா இழுக்கும்னு சொல்றாங்களேங்க?" இழுக்கும். வேகமும் ஒன்றரை மடங்கு ஆகும், 22 என்பது 33 ஆகும். மோதும்போது அடியின் பலம் ஒன்றரை மடங்கு இல்லை, இரண்டேகால் மடங்கு. பிரேக் மட்டும் அதே பிரேக். கன்ட்ரோலரும் அந்த வோல்ட்டுக்குச் செய்தது இல்லை. செய்து தர மாட்டேன் என்றேன். மோட்டார் பக்கத்துப் பல்சக்கரத்தைச் சின்னதாக்கி வேகத்தைக் குறைக்கலாமா என்றும் கேட்டார். உச்ச வேகம் குறையும், ஆனால் கிளம்பும்போது இன்னும் வெடுக்கென்று இழுக்கும். பாப்பாவுக்கு ஆபத்து கிளம்பும்போதுதான், அதனால் அதையும் தொடவில்லை.

களத்தில்

கட்டு பிரித்து, டாக்டர் சரி என்ற பிறகு, ஒரு சனிக்கிழமை நானே போனேன். முதல் அரை மணி சாவியே போடவில்லை. வண்டியைத் தள்ளிவிட்டு, உருண்டு போய், பிரேக் பிடித்து நிற்கப் பழக்கினோம். இரண்டு விரல் எப்போதும் பிரேக் நெம்புகோல் மேல். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படவில்லை, குதிகால் தூக்கிக்கொண்டது. ஷூ போட்டால் சமாளிக்கிறாள். இன்னும் ஒரு வருடம் காத்திருக்கலாம் என்பதே என் கருத்து, வீட்டில் அது எடுபடவில்லை. அவளுடைய நீளச் சடையை மடித்துச் சட்டைக்குள் போட்டு, துப்பட்டா, தொங்கும் கயிறு எதுவும் இல்லாமல், கையுறை, முழங்கால் கவசத்தோடுதான் ஏற வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். "அதை நான் பார்த்துக்கறேனுங்க" என்றார். அவர் பார்த்துக்கொள்வார் என்று தோன்றியது.

மட்டைக் குவியலை மில்லின் மறுபக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். திண்டின் ஓரம் முழுக்க நார்மூட்டை அடுக்கியாயிற்று. தம்பிக்குத் தனி விதி: அக்கா ஓட்டும்போது வேப்பமரத்து நிழலை விட்டு வரக் கூடாது. பெட்ரோல் வண்டி என்றால் சத்தம் கேட்டு ஒதுங்குவார்கள்; இது பக்கத்தில் வந்தாலும் காதில் விழாது. அவர்கள் வீட்டு நாய்க்கே இன்னும் பிடிபடவில்லை.

பாப்பா சாவியைப் போடும் முன் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டாள். சாவி போட்டு, ஹேண்டிலை வலது கடைசிக்குத் திருப்பிப் பார்த்தாள். இடது பக்கம் திருப்பும்போது மட்டும் இரண்டு எட்டு பின்னால் நகர்ந்து, கையை நீட்டித் திருப்பினாள். சக்கரம் அசையவில்லை. இன்னொரு தடவை திருப்பினாள்.